ஒன்பது மீட்டருக்கு மேல் ஏழை வளரக் கூடாது

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2018-இல். அரசிதழில் வந்தது 2019 ஜனவரி 18. அதில் மீனவர்களுக்கு ஒரு சலுகை தந்திருக்கிறார்கள். சொந்த வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைத்து நாலு காசு பார்க்கலாம். நிபந்தனை இதுதான்: வீட்டின் அடித்தளப் பரப்பை மாற்றக் கூடாது. வடிவமைப்பை மாற்றக் கூடாது. முகப்பை மாற்றக் கூடாது.

முகப்பாம்.

எளாவூரிலிருந்து கிழக்கே ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் எத்தனையோ வீடுகளுக்கு மறைப்பே போன தேர்தலின் பிளெக்ஸ் பேனர்தான். கும்பிட்ட கையோடு சிரிக்கும் வேட்பாளர்தான் அந்த வீட்டு முகப்பு. அதை மாற்றக் கூடாது என்று டெல்லி சொல்கிறது. நாங்கள் மாற்றுவதில்லை ஐயா. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதுவாகவே மாறிவிடுகிறது. பல சமயம் கட்சியும் சேர்ந்து மாறுகிறது.

எளாவூர் தெரியாதவர்களுக்கு: கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால். லாரிக்காரர்களுக்கு அது சோதனைச்சாவடி. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அது அடிக்கடி போய்வரும் ஊர். மற்றவர்களுக்கு ரயில் ஜன்னலில் ஒரு பெயர்ப் பலகை. ஆனால் கோடு போடுகிறவர்களுக்கு இது சொர்க்கம். தமிழ்நாட்டில் இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை கோடு விழுந்த ஊர் அதிகம் இருக்காது.

முதலில் நெடுஞ்சாலை. சென்னை–கொல்கத்தா, 16-ஆம் எண். ஊருக்கு வெளியே, சாலையின் நடுவிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் எழுப்பக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. அது கட்டடக் கோடு. அதையும் தாண்டி 75 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக் கோடு. அடுத்து சென்னை–கூடூர் ரயில் பாதை. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் செங்கல் வைத்தால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும். கிழக்கே ஏரி. அது 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் என்று இன்னொரு வட்டம். ஏரித் தண்ணீரில் கோடைக்காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை ஏறுகிறதோ, அதுவரை கடற்கரை மண்டலச் சட்டமும் ஏறி வரும். ஆகாயமாவது சும்மா இருக்கிறதா? பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் படகு விடக் கூடாது.

இத்தனை கோட்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் நின்று எளாவூர்க்காரர் மூச்சு விடலாம். அதற்கு இன்னும் தடையில்லாச் சான்று கேட்கவில்லை. நான்தான் யோசனை கொடுத்தேன் என்று பின்னால் யாரும் பழி போட வேண்டாம்.

கோடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிக் கட்டடம் முளைத்தால் பிள்ளைகள் அடிபட்டுச் சாவார்கள். கடற்கரையை விற்றால் கடலே வந்து வசூலிக்கும். கோடு தேவைதான். கோபம் வேறு இடத்தில் வருகிறது. சின்ன ஆளைப் பார்த்துச் சட்டம் சொல்கிறது: “கோடு இங்கே இருக்கிறது, நீ நகரு.” பெரிய ஆளைப் பார்த்துச் சட்டம் கேட்கிறது: “ஐயா எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கோட்டை அங்கே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன்.”

உயரத்தில் இருந்து ஆரம்பிப்போம்.

1991-இல் முதல் அறிவிக்கை வந்தது. மீனவக் கிராமத்தில் வீடு கட்டலாம் என்றது. ஆனால் மொத்த வீடுகள் ஏற்கெனவே இருப்பதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. எல்லாத் தளத்தையும் சேர்த்து மனையில் 33 சதவீதம்தான். உயரம் 9 மீட்டர். தரைத் தளம், மேலே ஒரே ஒரு மாடி. பேரன் பேத்தி பிறப்பார்கள் என்பதை அறிவிக்கை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அல்லது குடும்ப நலத் துறையின்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. 2011-இல் புது அறிவிக்கை வந்தபோது இரண்டு மடங்குக் கணக்கும் 33 சதவீதமும் போயின. 9 மீட்டர் போகவில்லை. 2018-லும் போகவில்லை. மூன்று அறிவிக்கை, முப்பது வருஷம், அதே 9 மீட்டர். இந்தியாவில் விலை ஏறாமல் இருக்கிற ஒரே பண்டம் மீனவனின் உயர வரம்புதான்.

இப்போது தெற்கே மெரினாவைப் பார்ப்போம். கரையிலிருந்து 360 மீட்டர் கடலுக்குள் ஒரு பேனா. கலைஞர் நினைவாக, 42 மீட்டர் உயரத்தில், 81 கோடி ரூபாயில் என்று தமிழக அரசு திட்டம் போட்டது. மாநில அரசும் மத்திய அரசும் எதிலும் ஒத்துப்போவதில்லை என்பார்கள். பொய். 2023 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடற்கரை மண்டல அனுமதி கொடுத்துவிட்டது. கட்டினார்களா இல்லையா என்பது வேறு கதை. கேட்டதும் கிடைத்ததா? கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? அதற்கான வாசலை டெல்லி முன்பே திறந்து வைத்திருந்தது. மும்பைக் கடலுக்குள் 200 மீட்டருக்கு மேல் சத்ரபதி சிவாஜிக்குச் சிலை வேண்டும் என்றபோது, கடலில் நினைவுச் சின்னம் கட்டலாம் என்று 2015-இல் அறிவிக்கையையே திருத்தினார்கள். அந்த வாசல் வழியாகத்தான் பேனாவும் போனது. காவிக்கும் கறுப்பு சிவப்புக்கும் பொதுவான திராவிட–ஆரிய உடன்பாடு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இருப்பவனுக்கு 9 மீட்டர். மறைந்தவருக்கு 42. மறைந்து பல நூற்றாண்டு ஆகியிருந்தால் 200-க்கு மேல்.

தூரத்துக்கு வருவோம். கடலோரக் கிராமம் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? 2018 அறிவிக்கையில் இதற்கு ஒரு எண் கண்டுபிடித்தார்கள்: 2,161. ஒரு சதுர கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வாழ்ந்தால் வளர்ச்சித் தடை எல்லை 50 மீட்டர். இல்லாவிட்டால் 200 மீட்டர். 2,161 பேர் இருந்தால் போதாது. 2,162-ஆவது ஆள் பிறந்தால்தான் கடல் 150 மீட்டர் கிட்டே வரும். அவசரப்பட்டுப் பிரசவ வார்டுக்கு ஓடாதீர்கள். கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. 2021-இல் எடுக்க வேண்டியதை அந்த ஆண்டில் எடுக்கவில்லை. 2011-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் எல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

அதே அறிவிக்கையில், அதே தடை எல்லைக்குள், கடற்கரைச் சுற்றுலாவுக்குத் தற்காலிகக் குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை கட்டலாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளினால் போதும். குளித்துவிட்டுத் துணி மாற்றப் போகிறவருக்கு 10 மீட்டர். விடியற்காலை வலையைச் சுமந்து போகிறவருக்கு 50 அல்லது 200. தற்காலிகமாம். நம் ஊரில் தற்காலிகம் என்று போட்ட பந்தல் எத்தனை தலைமுறை நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மீனவரைத் தள்ளி வைக்கிற கலை நேற்று வந்ததல்ல. சுனாமி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 2005 மார்ச் 30, அரசாணை எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். 200 மீட்டருக்கு அப்பால் போனால் ஒன்றரை லட்சம் ரூபாயில் இலவச வீடு. போக மாட்டேன் என்றால் அங்கேயே இருந்துகொள்ளலாம். சொந்தச் செலவில் பழுது பார்க்கலாம். அரசிடமிருந்து ஒரு காசு வராது. போகிறவர்கள் பழைய இடத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிணம் தேடிக் களைத்தவனிடம் பத்திரம் கேட்ட ஆணை அது. பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். நம்பினோம். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து எழுந்த மாளிகைகளைப் பார்த்தோம். அடுத்த அலை பங்களாக்காரர்களின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அனுமதி கேட்கும் போலிருக்கிறது.

சொத்துரிமை என்று ஒரு சொல் உண்டு. அதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

2011 அறிவிக்கை மீனவர்களுக்கு ஒரு கருணை காட்டியது. முறையான அனுமதி இல்லாமல் கட்டிய பழைய மீனவர் வீடுகளை வரன்முறைப்படுத்தலாம். ஆனால் அந்த வீட்டில் வணிகம் செய்யக் கூடாது. கடலோரச் சமூகத்தைச் சேராத வெளியாளுக்கு விற்கக் கூடாது. நல்ல விதிதான். இது இல்லாவிட்டால் குப்பங்களை ரியல் எஸ்டேட் எப்போதோ விழுங்கியிருக்கும். இப்போது பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளிக்கு வாருங்கள். கப்பல் கட்டுவதற்கு என்று குப்பத்தை இடம் மாற்றினார்கள். எல் அண்ட் டி துறைமுகம் கட்டியது. 2018-இல் அதன் 97 சதவீதப் பங்கு அதானிக்குப் போனது. விலை 1,950 கோடி ரூபாய். மீனவன் ஓட்டு வீட்டை வெளியாளுக்கு விற்றால் கடற்கரைக்கு ஆபத்து. துறைமுகத்தையே வெளியாளுக்கு விற்றால் அது முதலீட்டாளர் நம்பிக்கை.

வாங்கியவர் சும்மா இருப்பாரா? விரிவாக்கத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் கையாளும் துறைமுகத்தை 320 மில்லியன் டன்னுக்கு வளர்க்க வேண்டும். 6,110 ஏக்கர். அதில் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அடக்கம். வீட்டு முகப்பை மாற்றக் கூடாது என்று மீனவனுக்குச் சொன்ன அதே அமைச்சகத்தின் மேஜையில், வங்காள விரிகுடாவின் முகப்பையே மாற்றுகிற கோப்பு வந்து உட்கார்ந்தது. “அதெப்படி?” என்று தூக்கியடித்தார்களா? இல்லை. ஆய்வு வரம்பு கொடுத்து அனுப்பினார்கள். 2021 ஜனவரி 22-இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று நாள் குறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கொரோனா வேறு. ஒத்திவைப்பு. எதிர்க்கட்சியாக இருந்த திமுக இந்தத் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்றது. ஆட்சிக்கு வந்தது. 2023 செப்டம்பர் 5-இல் கருத்துக் கேட்பு என்று மறுபடி நாள் குறித்தது யார்? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்த வாரியம் எந்த அரசின் கீழ் இருக்கிறது என்பதைக் கோட்டையில் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. மீனவர்கள் கொதித்ததும் அதுவும் ஒத்திவைப்பு.

இதையெல்லாம் கோட்டை நகர்த்துகிற வித்தை என்று சொன்னேன். எண்ணூரில் கோட்டையே அழித்துவிட்டார்கள். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பத்திரமாக இருந்தது. பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வேறொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகத்தைக் காணோம். 2017-இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் இதை அம்பலப்படுத்தினார்கள். ஏறக்குறைய 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு தாளில் காணாமல் போயிருந்தது. கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் புகார் கொடுத்தபோது சிரித்தோமே, அந்தக் கிணறு எவ்வளவு சின்னது! தண்ணீர் இருந்தால்தானே கடற்கரைச் சட்டம்? தாளில் தண்ணீர் வற்றிவிட்டால் சாம்பல் கொட்டலாம், மண் கொட்டலாம், தொழிற்சாலை கட்டலாம். அதில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவரின் கால் மட்டும் எப்படி நனைந்தது என்று எந்த அதிகாரியும் விளக்கவில்லை.

வழித்தடக் கதையும் இதே ஜாதிதான். வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தார்கள். சாலைக்கு என்று கையெழுத்து வாங்கினார்கள். 72 மீட்டர்தான் சாலைக்கும் அதைச் சேர்ந்தவற்றுக்கும். பாக்கி 50 மீட்டர்? அது “வளர்ச்சி வழித்தடம்”. யாருடைய வளர்ச்சி என்று நிலம் கொடுத்தவரைக் கேளுங்கள். எளாவூரிலோ தலைகீழ். நெடுஞ்சாலைக்குப் பக்கத்து நிலம் உங்களுடையதே. பட்டா உங்கள் பெயரில். வரி உங்கள் பையிலிருந்து. 40 மீட்டர் வரை அதில் நீங்கள் வெயில் காயலாம். ஆனால் அதே நெடுஞ்சாலைகளின் எல்லைக்குள் கட்சிக் கொடிக்கம்பங்கள் வேரோடி நிற்கின்றன. அவற்றை அகற்றச் சொல்ல 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது. டீக்கடைக் கூரை இரண்டடி நீண்டால் அளவு நாடாவோடு வருகிற துறைக்குக் கொடிக்கம்பம் மட்டும் கண்ணில் படவில்லை. மெலிந்த பொருள் பாருங்கள், தெரிந்திருக்காது.

2014 ஜூலை மத்திய பட்ஜெட்டில் பொன்னேரியை ஸ்மார்ட் நகரம் ஆக்குவோம் என்றார்கள். சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் ஒரு முனை அது. பத்து வருஷம் ஓடிவிட்டது. பொன்னேரியில் நான் பார்த்தவரை ஸ்மார்ட் ஆனது மனை விற்கிற விளம்பரப் பலகைகள்தான்.

சரணாலயத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். பறவைகளோடு யாருக்கும் பகை இல்லை. பூநாரை வந்தால் ஏரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அது மீனவருக்கும் தெரியும். ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது: ஓர் இடத்தைச் சரணாலயம் ஆக்கும்போது அங்கே யாருக்கு என்ன உரிமை என்று ஆட்சியர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். 1980-இல் சரணாலயம் அறிவித்தார்கள். விசாரணை? நாற்பது வருஷம் தூங்கியது. பட்டா நிலம் வைத்திருந்தவர் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் செத்தே போனார். பிள்ளைகள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024-இல் அரசு திடீரென்று சுறுசுறுப்பானது. சூழலியலாளர்கள் பயந்து போனார்கள். தீர்க்கப் போவது உரிமையையா, சரணாலயத்தையா? நாற்பது வருஷம் சும்மா இருந்த அரசு ஒரு நாள் வேலை செய்தால் இந்த நாட்டில் மக்களுக்கு முதலில் வருவது சந்தேகம்தான். தப்பு மக்கள்மேல் இல்லை.

இந்த ஏரியில் அரசு வருவதற்கு முன்பே ஒரு மண்டலச் சட்டம் இருந்தது. பாடு என்பார்கள். எந்த வலைக்கு எந்த நாளில் எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது. ஆலோசனை நிறுவனம் கிடையாது. வண்ண வரைபடம் கிடையாது. அதைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். அது சாதிக்குள் சுருங்கிய முறை. வெளியே நிற்கும் இருளரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆனால் ஒரு நேர்மை அதில் உண்டு. சீட்டுக் குலுக்குகிறவரும் மறுநாள் அதே தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும். 2,161 என்று எழுதியவர் எந்தத் தண்ணீரில் இறங்கினார்?

இன்னொரு வேடிக்கை. சட்டப் புத்தகத்தில் மீனவருக்கு எல்லாமே இருக்கிறது. மீன் உலர்த்தும் களம் உண்டு, வலை பின்னும் கூடம் உண்டு, ஏலக் கூடம் உண்டு, படகு கட்டும் இடம் உண்டு. மீனவக் கிராமங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும், அவர்களின் பொது இடங்களைக் குறிக்க வேண்டும், நாளைக்குப் பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்ள நீண்டகால வீட்டு வசதித் திட்டம் போட வேண்டும் என்று 2011-லும் எழுதினார்கள், 2018-லும் எழுதினார்கள். எழுதியதோடு சரி. 2023 ஆகஸ்டில் புதிய கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவை எடுத்துக்கொண்டு கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்க வந்தார்கள். மீனவர்கள் படத்தைப் பார்த்தார்கள். ஊர் எங்கே என்று தேடினார்கள். மீன் பிடிக்கும் இடம் எங்கே, வீட்டு வசதித் திட்டம் எங்கே என்று கேட்டார்கள். இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களிடம் கருத்துக் கேட்க அதிகாரிகளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

“கலைஞரின் கனவு இல்லம்” என்று மாநில அரசு 2024-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். வரவேற்கலாம். சொந்த இடம் வேண்டும், பட்டா வேண்டும். குப்பத்தில் பட்டாவுக்குப் போனால் புறம்போக்கு என்பார் ஒருவர். கடற்கரை மண்டலம் என்பார் அடுத்தவர். சரணாலய எல்லை என்பார் வனத்துறைக்காரர். வரைபடத்தில் அப்படி ஒரு ஊரே இல்லையே என்பார் இன்னொருவர்.

சரி, ஒப்புக்கொள்கிறோம். ஊரே இல்லை. அப்படியானால் வருஷம் தவறாமல் வீட்டு வரி கேட்டு வருகிறீர்களே, அந்த ரசீதில் எந்த ஊரின் பெயரை எழுதுகிறீர்கள்?